ரயில்வே கேட் ஸ்பீக்கர்

என் கணவர் சபரிக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்றுதான் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரிடம் சொன்னதில்லை. கல்லானாலும் கணவன் என்று வளர்க்கப்பட்டவள் இல்லை நான். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள், யாரையும் தொந்தரவு செய்யாமல், ஒரு மனிதர் சந்தோஷமாக இருப்பதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இட்லி சாப்பிட்டு முடித்ததும் பால்கனியை ஒட்டிய சின்ன அறைக்குள் போவார். கறுப்பு எலெக்ட்ரிக் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஒயரை ஒரு இரும்புப் பெட்டியில் செருகி, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். எலெக்ட்ரிக் கிடார் வெறும் மரக்கட்டை. வீணைக்கு இருப்பது போலக் குடம் கிடையாது. அதனால் ஹெட்ஃபோனுக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கேட்பது ரப்பர் பேண்டைச் சுண்டுகிற சத்தம்தான். அடுப்படியில் இருக்கும் எனக்கு 'டிங்' என்று ஒன்று கேட்கும். பிறகு ஒன்றும் இல்லை. நான் ஒரு வெங்காயத்தை நறுக்கி முடித்திருப்பேன். அப்புறம் இன்னொரு 'டிங்'. எட்டிப் பார்த்தால் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, பந்தியில் பாயசம் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

ஒரு லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் தங்கை சந்திரிகா இதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அக்கா, மாமாவுக்கு அடுத்தது மறந்து போயிருச்சா?" என்று கேட்டாள். நான் தேங்காய்த் துருவலை அவள் வாயில் அடைத்தேன்.

சபரி இந்த மராத்தி ஊரிலேயே, கட்கியில் பிறந்தவர். வெடிமருந்துத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அங்கே இருக்கும் தமிழர்கள் அந்த ஊரை இன்னும் கிர்க்கி என்றுதான் சொல்வார்கள். என் மாமனார் பக்தவத்சலம் ஆற்காட்டிலிருந்து வந்து தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வேலைக்குச் சேர்ந்தவர். சபரி டிப்ளமோ முடித்து சாகணில் ஒரு கார்க் கம்பெனியில் நுழைந்தார். தகட்டைக் கதவாக அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் வேலை. முதல் போனஸில் கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போய் இந்தக் கிடாரை வாங்கினார். கல்யாணத்துக்கு முன்னால் கணபதி உற்சவப் பந்தல்களில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வாசித்திருக்கிறார். எனக்குக் காட்டிய ஒரே போட்டோவில் முழுக்கை சில்க் சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு மேற்கொண்டு விசாரிக்கத் தோன்றவில்லை.

கராடியில் இந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி வைத்து இரண்டு வாரம் வாசித்தார். எனக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமையும் பாங்கில் வேலை இருந்தது. விமான் நகர் கிளையில் கணக்கு முடிக்கும் மாதம். அதனால் அந்த இரண்டு வாரமும் நான் கேட்கவில்லை. கீழ் வீட்டு வைஷாலி மேலே வந்து, பையனுக்குப் பத்தாவது பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போனார். சபரி அன்றைக்கே ஸ்பீக்கரைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். அதிலிருந்துதான் ஹெட்ஃபோன்.

போன வருடம் மழைக்காலத்தில் அவருடைய இடது காதில் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அது மாதிரி என்றார். டாக்டர் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்துவிட்டு, பிரஸ் ஷாப் பாதி, ஹெட்ஃபோன் பாதி என்றார். இரண்டு காதிலுமே மெல்லிய சத்தங்கள் கேட்பது குறைந்துகொண்டு வருகிறது, போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், ஹெட்ஃபோனை இனி தொடவே கூடாது என்றார். சபரி கம்பெனியில் சொல்லி வேறு பிரிவுக்கு மாறிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபரி மின்விசிறிகளைத் துடைத்தார். அதற்கடுத்த ஞாயிறு, துடைத்த மின்விசிறிகளையே திரும்பவும் துடைத்தார். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கினேன். எனக்கு ஒரு பைத்தியக்காரத்தனம் பிடித்துக்கொண்டது. ஒரு வெங்காயம் முடிந்ததும் கை தானாக நின்றது. 'டிங்' வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன ரப்பர் பேண்டு சத்தத்துக்காக எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "ஏங்க, வாசிக்கத் தெரியாட்டி என்னங்க. நம்ம வீட்டுல யாரு மார்க் போடறாங்க. ஹெட்ஃபோன் இல்லாமயே சும்மா டிங் டிங்னு வாசிங்க."

அவர் ரசச் சாதத்திலிருந்து கையை எடுத்தார். "யாருக்கு வாசிக்கத் தெரியாது?"

"இல்லீங்க... நடுநடுவுல நின்னு நின்னு..."

"அரே, நான் எங்க நின்னேன்?"

அப்போதுதான் எங்கள் இருவருக்குமே புரிந்தது. இத்தனை வருடமும் ஒரே வீட்டில், ஒரே வாசிப்பை, அவர் ஒன்றாகவும் நான் வேறொன்றாகவும் கேட்டிருக்கிறோம். அவர் எச்சில் கையோடு எழுந்து போய் அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

"இதுக்குப் பேரு டிலே. நான் ஒரு தடவை அடிச்சா இது கொஞ்சம் லேட்டா அதையே திருப்பிச் சொல்லும். அப்புறம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை. சொல்லச் சொல்லச் சத்தம் கம்மியாகும். அது சொல்லி முடிக்கிறவரைக்கும் நான் அடுத்தது வாசிக்க மாட்டேன். உனக்குப் பாதிதான் கேட்டிருக்கு."

"அப்ப பாதி வேலையைப் பெட்டி பாக்குது, பேரு உங்களுக்கு."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியில் மூன்று திருகுகள் இருந்தன. ஒன்று எவ்வளவு தாமதம், ஒன்று எத்தனை முறை, ஒன்று எவ்வளவு சத்தம். சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் மல்லி அளவு பிடிக்கிற மாதிரி, இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பதிலேயே தன் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின என்றார். நடுவில் புதுசாக டிஜிட்டல் பெட்டி ஒன்று வாங்கி, ஒரே மாதத்தில் விற்றும் இருக்கிறார்.

"ஏன், நல்லா இல்லையா?"

"ஏக்தம் சுத்தமா இருந்துச்சு. அதான் கஷ்டம். நாலாவது தடவையும் முதல் தடவை மாதிரியே பளிச்சுனு சொல்லுது. அப்படிச் சொன்னா அது பக்கத்துல நிக்குது பார்கவி. தூரத்துல இல்ல. இந்தப் பழைய பெட்டி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மங்கும். மங்குனாத்தான் தூரம் வரும்."

"எதுக்கு உங்களுக்குத் தூரம்?"

ரசம் ஆறிப்போகிற வரைக்கும் அவர் சொன்ன கதை இதுதான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை.

குவார்ட்டர்ஸ் முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் பெரிய விசேஷம். முகமது இஸ்மாயில் என்பவருடைய மைக் செட். கோயில் வேப்பமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அங்கிருந்து ஒயர் இழுத்துக்கொண்டே போய், குவார்ட்டர்ஸ் முடிகிற இடத்தில் ரயில்வே கேட் கம்பத்தில் இன்னொன்று கட்டுவார். இவர்கள் பிளாக் வேப்பமரத்துக்குப் பக்கம். ஆகவே எந்தப் பாட்டானாலும் முதலில் வேப்பமரத்திலிருந்து காதைக் கிழித்துக்கொண்டு வரும். ஒரு மூச்சு விட்டு, அதே வரி ரயில்வே கேட்டிலிருந்து மெல்ல, கொழகொழவென்று வரும். மைக்கில் அறிவிப்பு செய்வது என் மாமனார். நன்கொடை தந்தவர்கள் பெயர், தொலைந்த சாவிக்கொத்து, காணாமல் போன பிள்ளை எல்லாம் அவர் குரலில்தான்.

ஆறு வயதில் சபரியே காணாமல் போனார். பலூன்காரன் பின்னால் போய்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அப்பா மைக்கில் கூப்பிட்டிருக்கிறார். "சபரி. பக்தவத்சலம் மகன் சபரி. எங்கிருந்தாலும் கோயில் மைக் ரூமுக்கு வரவும்." பெற்ற பிள்ளையையும் 'வரவும்' என்றுதான் கூப்பிட்டார். மாமனாரை எனக்குத் தெரியும், அவர் வேறு மாதிரிக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

"முதல்ல வந்த குரல் திட்டற மாதிரி இருந்துச்சு," என்றார் சபரி. "போனா அடிதான்னு நெனச்சேன். கொஞ்சம் கழிச்சு அந்தப் பக்கத்துலேருந்து சபரி... சபரின்னு இன்னொண்ணு வந்துச்சு. அது மெதுவா இருந்துச்சு. அப்பா ரெண்டு பேரு இருக்காங்க, அந்தப் பக்கம் இருக்கிறவர் திட்ட மாட்டாருன்னு நெனச்சு அங்க நடந்தேன்."

ஒயரைச் சரிபார்க்கப் போன இஸ்மாயில்தான் ரயில்வே கேட் கம்பத்துக்கு அடியில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளையைக் கண்டுபிடித்தாராம். அப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். அடிக்கவில்லை. கேரியரில் உட்கார வைத்து, வீடு வரும் வரைக்கும் பேசாமல் மிதித்தார்.

மாமனார் கொரோனாவுக்கு முந்தின வருடம் போய்விட்டார். போட்டோ நிறைய இருக்கிறது. குரல் ஒரு துண்டுகூட இல்லை. வீடியோ எடுக்கப் போனால் கையை நீட்டி மறைக்கிற மனிதர். சபரி அந்தப் பெட்டியில் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். குரல் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். அந்தக் குரல் வந்த தூரமாவது கிடைக்காதா என்று பார்த்திருக்கிறார்.

"கிடைச்சுதா?" என்று கேட்டேன்.

"ஒரு ரெண்டு வருஷமா ஏறக்குறைய கிடைச்சிருந்துச்சு," என்றார். கையைக் கழுவப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. இது என்னிடம் சொல்லக்கூடாத ரகசியமா? சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான் என்பார், எனக்குத் தெரியும். ஆனால் வருத்தம் வருத்தம்தான். அந்தக் கோபத்தோடு மறுநாள் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். வைஷாலி பூரண்போளி கொடுத்தனுப்பிய டப்பா என்னிடம் இருந்தது. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் அவர்கள் பக்கத்திலும் கிடையாது, நம் பக்கத்திலும் கிடையாது. ரவா லட்டு போட்டுக் கொண்டுபோனேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், சின்ன ஸ்பீக்கர், சத்தம் குறைவாக, உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால், என்று இழுத்தேன்.

வைஷாலிக்கு முதலில் விளங்கவே இல்லை. "நான் எப்ப வாசிக்கக் கூடாதுன்னேன்?" என்றார். பரீட்சையை ஞாபகப்படுத்தினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவனுக்கு இப்ப பொண்ணு பாத்துட்டிருக்கோம் பார்கவி. பரீட்சை முடிஞ்சதும் வாசிப்பாருன்னு நெனச்சோம். சத்தமே இல்ல. கிடாரை வித்துட்டாரோன்னு நானும் எங்க வீட்டுக்காரரும் பேசிக்கிட்டோம்."

பரீட்சை எழுதிய பையன் படித்து முடித்து, வேலைக்குப் போய், மாப்பிள்ளையாகவும் ஆகப்போகிறான். இவர் இன்னும் அவனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். யாராவது படியேறி வந்து 'இனிமேல் வாசிக்கலாம்' என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாரா? காத்திருக்கவும் இல்லை. ஒரு தடவை சொன்னார்கள், அடங்கிவிட்டார். அந்த ஹெட்ஃபோனுக்குப் பாதிக் காதைக் கொடுத்துவிட்டார். மேலே ஏறும்போது எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. பக்கத்து ஃப்ளாட்டின் செருப்பு ஸ்டாண்டை உதைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து ஸ்பீக்கரை இறக்கினோம். இறக்கும்போதே சிரித்துவிட்டார். வாசலில் பார்சல் வந்த பிள்ளை மாதிரி துணியை அவசர அவசரமாக உருவினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். சத்தத்தை மிகக் குறைவாக வைத்துக்கொண்டார். டாக்டர் சொன்ன அளவு அதுதான்.

ஒரு கம்பியைத் தட்டினார். பிறகு அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டே சுரம்.

அந்த இரண்டும் ஒருமுறை வந்தன. அறை அமைதியானது. பிறகு, யாரும் தொடாமலே, அதே இரண்டும் சற்றுத் தள்ளி வந்தன. அப்புறம் இன்னும் தள்ளி. ஜன்னலுக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், கட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய கட்டிடத்துக்கும் பின்னால் இருந்து யாரோ வருவதுபோல் இருந்தது. ஒவ்வொரு முறையும் குரலின் முனை மழுங்கிக்கொண்டே போனது. கோபமெல்லாம் கழிந்து, கடைசியில் கூப்பிடுவது மட்டும் மிஞ்சியது. நான் அழுதேன். இந்த முறை வெங்காயம் இல்லை. என் மாமனாரை நினைத்து அழுதேன் என்று சொன்னால் பொய். இவ்வளவு பெரிய ஒன்றுக்கு வெளியே, கதவுக்கு இந்தப் பக்கம், இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தேனே என்று அழுதேன்.

சபரி என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி சுருங்கியிருந்தது. திரும்பவும் தட்டினார். குனிந்து ஒயரை அழுத்திவிட்டு, மறுபடி தட்டினார்.

"பெட்டி போயிடுச்சு போல," என்றார். "மூணு வாரமா சும்மா கிடந்துச்சு இல்ல. ரெண்டு தடவையோட நின்னுடுது."

இரண்டோடு நிற்கவில்லை. நான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்வதற்குள் அவர் ஒரு திருகை முழுக்கத் திருப்பிவிட்டார். எத்தனை முறை என்கிற திருகு. அதை அப்படித் திருப்பக் கூடாது. திரும்பி வருவது அடங்காமல், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அறை முழுவதும் ஊளையிட ஆரம்பித்தது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். வைஷாலி வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"பெட்டி நல்லாத்தாங்க இருக்குது," என்றேன். "எனக்குக் கேக்குது."

ஹெட்ஃபோனில் சத்தத்தை ஏற்றி ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததால், எவ்வளவு போயிருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை. மெல்லியது எல்லாம் அந்தக் குக்கர் ரீங்காரத்துக்கு அடியில் போய்விட்டது. ரயில்வே கேட் பக்கத்திலிருந்து வருவது முழுக்க மெல்லியதுதானே.

"சரி, விடு," என்றார். ஒயரைச் சுற்றத் தொடங்கினார். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே, நிதானமாக, திரும்ப அவிழ்க்கப் போவதில்லை என்கிற மாதிரிச் சுற்றினார்.

"உக்காருங்க," என்றேன். நான் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். திருகுகள் பழையபடி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைக்கச் சொன்னேன். அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் கேக்கறவரைக்கும் விரலைத் தூக்கி வெச்சுக்கறேன். நின்னுதுன்னா இறக்கறேன். அப்புறம் அடுத்தது வாசிங்க."

"பைத்தியம் மாதிரி இருக்கும் பார்கவி."

"இத்தன நாள் ரொம்பத் தெளிவாவா இருந்தீங்க?"

அவர் தட்டினார். அந்த இரண்டு சுரங்கள். நான் ஆள்காட்டி விரலைத் தூக்கினேன். ஒன்று வந்தது, இரண்டாவது வந்தது. அதற்குப் பிறகு அவர் முகத்தில் எதுவும் இல்லை. எனக்கு மூன்றாவது வந்தது. அவர் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு என் விரலைப் பார்த்தார். கண் இமைக்காமல் பார்த்தார். அடுத்தது மிக மெல்லியதாக, துணி போர்த்தியதுபோல வந்தது. இன்னொன்று வந்ததா என்பது எனக்கே சந்தேகம். பிறகு தெருவில் ஒரு ஆட்டோ போனது. மேல் வீட்டில் மிக்ஸி ஓடியது. அறையில் வேறெதுவும் இல்லை.

விரலை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

"இன்னும் கேக்குதா?" என்றார் சபரி.

"கேக்குதுங்க," என்றேன்.